ஓட்டோ கொடுத்த பட்டம்

ஓட்டோகர் நவ்ராட்டில் வியன்னாவில் ஒரே காபி ஹவுஸில் முப்பது வருஷத்துக்கு மேல் சர்வராக இருந்தார். பெரிய ஓவிய மியூசியத்துக்குப் பின்தெருவில், தங்க முலாம் பூசிய கூரையும் ஆளுயரக் கண்ணாடிகளுமாக இருக்கிற இடம் அது. நான் அங்கே கேக் அலமாரிக்குப் பின்னால் நிற்கிறவள், பெயர் ஹெர்மினே. ஓட்டோ நல்ல மனுஷரா என்று கேட்டால் சட்டென்று ஆமாம் சொல்லிவிட மாட்டேன். தலைக்கனம் அதிகம். காபி ஆறிவிட்டது என்று யாராவது சொன்னால், வீட்டுப் பெண்களைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டது போல முறைப்பார். சமையலறையில் அவரோடு சண்டை போடாத ஆள் கிடையாது, நான் உட்பட. ஆனால் அவர் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் நான்தான் சொல்ல வேண்டும். வேறு யார் அங்கே அத்தனை வருஷம் நின்றார்கள்?

எங்கள் ஊர் சர்வர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வருகிற வாடிக்கையாளருக்கு ஒரு பட்டம் சூட்டிவிடுவார்கள். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் டாக்டர். கையில் புத்தகம் இருந்தால் பேராசிரியர். நல்ல தோல்பை வைத்திருந்தால் டைரக்டர். வந்தவர் பல்பொடி விற்கிறவராகக்கூட இருக்கலாம், மறுத்துப் பேச மாட்டார். கோட்டைக் கழற்றி வாங்கி மாட்டுவது போல இதுவும் ஒரு உபசாரம், அவ்வளவுதான். இந்த விஷயத்தில் ஓட்டோ கெட்டிக்காரர். வாசலில் நுழைகிற ஆளை ஒரு பார்வை பார்ப்பார், பட்டம் தயாராகிவிடும்.

ஒரு நவம்பர் மாதம் பிற்பகலில் உயரமான மனிதர் ஒருவர் உள்ளே வந்தார். நீளமான கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, பளபளவென்று துடைத்த கறுப்பு ஷூ. முகத்தில் ஒரு கனம். சிரித்தே பழக்கமில்லாதவர் என்று தோன்றும், ஆனால் கடுமையும் இல்லை. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். ஓட்டோ அவரைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டதை நான் கவனித்தேன். டாக்டரும் டைரக்டரும் இவருக்குப் போதாது என்று முடிவு பண்ணிவிட்டார். அருகே போய்த் தலை குனிந்து, அரசவை ஆலோசகர் ஐயாவுக்கு என்ன கொண்டு வரட்டும் என்று கேட்டார். மன்னர்கள் போய் ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது, அந்தப் பட்டம் மட்டும் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. பெரிய அரசாங்க அதிகாரிகளுக்குக் கொடுப்பார்கள். அந்த மனிதர் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு, பால் காபி போதும் என்றார்.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். பிறகு தினமும் மூன்று மணிக்கு வருவது வழக்கமாகிவிட்டது. மனைவி இறந்துவிட்டாள் என்று ஒரு முறை ஓட்டோவிடம் சொன்னார். வீட்டில் காபி போடப் போனால் ஒரே ஒரு கோப்பையை எடுக்கக் கை வரவில்லை என்றார். அதற்கு மேல் தன்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. ஓட்டோ அவர் மேசைக்கு மரச்சட்டத்தில் மாட்டிய நாளிதழைக் கொண்டு போய் வைப்பார். கிளாஸில் தண்ணீர் குறையும் முன் புதுக் கிளாஸ் போய்விடும். காபி தீர்ந்த பிறகும் புதுத் தண்ணீர் வருகிறது என்றால், உட்காருங்கள், அவசரமில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வருஷங்கள் போகப் போக ஓட்டோ அவரிடம் சொந்தக் கவலைகளைச் சொல்ல ஆரம்பித்தார். பெண் ஒரு செர்பிய பஸ் டிரைவரைக் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, கையில் தட்டோடு அந்த மேசை அருகே நின்று நெடுநேரம் புலம்பினார். அந்த மனிதர் கடைசிவரை கேட்டுவிட்டு, பையன் வீட்டுக்கு ஒரு தடவை போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். ஓட்டோ போனார், சாப்பிட்டார், கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? எதை எடுத்தாலும் ஆலோசகர் ஐயா சொன்னார், ஆலோசகர் ஐயாவே சொல்லிவிட்டார் என்று எங்கள் உயிரை வாங்கினார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டத்தைக் கொடுத்தது தான்தான் என்பதை அவர் அடியோடு மறந்துபோனார். மியூசியம் முன்தெருவில் இருக்கிறது என்பதை எப்படி நம்பினாரோ அப்படி அதையும் நம்பினார்.

பிறகு காபி ஹவுஸ் கைமாறியது. சொகுசு ஹோட்டல்கள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஹாம்பர்க்கிலிருந்து ஸில்கே என்று ஒரு மேலாளர் வந்தாள். கெட்டிக்காரி, உழைப்பாளி, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அப்போதே வாசலில் தினமும் வரிசை நிற்கத் தொடங்கியிருந்தது. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வருவார்கள். காலையில் ஓவியம், மதியம் அரண்மனை, பிற்பகலில் எங்கள் சாக்லேட் கேக். அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டுத் தூண்களைத் தடவிப் பார்ப்பார்கள். தூண் பளிங்கு இல்லை, சுண்ணாம்புச் சாந்தில் வண்ணம் பூசியது. கேட்டால் சொல்வோம், ஆனால் யாரும் கேட்டதில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்கள் சாப்பிடுகிற கேக்கில்தான் என் வீட்டு வாடகை ஓடுகிறது.

வரிசை நீண்டதும் ஸில்கே ஒரு சட்டம் போட்டாள். இனிமேல் யாருக்கும் சொந்த மேசை கிடையாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் உட்காரக் கூடாது. கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஜன்னலோர மேசையில்தான் எல்லாரும் போட்டோ எடுக்க ஆசைப்பட்டார்கள். அங்கே தினமும் உட்காரும் கிழவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று ஓட்டோவிடம் பொறுப்பைக் கொடுத்தாள்.

அன்று ஓட்டோ என் அலமாரியில் சாய்ந்துகொண்டு நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"அந்த மேசையும் போச்சுன்னா அவருக்கு வேற போக்கிடம் இல்ல ஹெர்மி. அந்த வீட்டுக்குள்ளயே உட்கார்ந்து செத்துப்போவாரு."

"அதுக்கு நீ என்னய்யா பண்ண முடியும்? முதலாளிய எதிர்த்துக்கிட்டு நிக்கப் போறியா?"

அவர் நேராக ஸில்கேயின் அறைக்குப் போனார். உள்ளே என்ன சொன்னார் என்பதைப் பிறகு அவரே பெருமையாக ஒப்பித்தார். மேடம், அவர் யார் தெரியுமா, அரசவை ஆலோசகர், உச்ச நீதிமன்றத்தில் பெரிய பதவியில் இருந்தவர், அப்படிப்பட்டவர் தினமும் வந்து உட்காருவது இந்த இடத்துக்கே கௌரவம் என்றாராம். நீதிமன்றம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அந்த முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று என் மேல் எரிந்து விழுந்தார். ஸில்கே வியன்னாக்காரி இல்லை. சர்வர் சொல்கிற பட்டத்தைப் பாதியாக வெட்டிக் கேட்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. அகமகிழ்ந்துபோனாள். சட்டம் எல்லாருக்கும் உண்டு, ஆலோசகருக்கு மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

மேசை தப்பியது. ஓட்டோ தரையில் கால் பாவாமல் நடந்தார். எனக்கே மனசு இளகி, மாவுச் சுருளுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட ஸ்ட்ரூடல் ஒரு துண்டு அவருக்குச் சும்மா கொடுத்தேன்.

சில வாரம் கழித்து ஸில்கே கையில் ஒரு பித்தளைத் தகட்டோடு வந்தாள். கூடவே போட்டோ எடுக்கிற ஆள். காபி ஹவுஸின் ஆண்டு விழா வருகிறதாம். 'அரசவை ஆலோசகரின் மேசை' என்று பொறித்த தகட்டை மேசை ஓரத்தில் பதிக்கப் போகிறாளாம். மெனு அட்டையில் அவர் படமும், நீதிமன்றத்தில் அவர் இருந்த கதையும், ஐந்து மொழியில். கிழவர் எழுந்து நின்று எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஓட்டோவிடம் ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்றார். ஸில்கே போட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு அப்பால் போனாள். அந்த மேசைக்கும் என் அலமாரிக்கும் நடுவில் ஒரு தூண்தான். எல்லாம் எனக்குக் கேட்டது.

"ஓட்டோ சார், நான் நீதிமன்ற வாசப்படிய மிதிச்சதே இல்ல."

ஓட்டோ சிரித்தார். "ஐயா விளையாடுறீங்க."

"சென்ட்ரல் கல்லறைத் தோட்டத்துல சவப்பெட்டி தூக்குறவன் நான். முத முதல்ல இங்க வந்தேனே, அன்னிக்குப் போட்டிருந்தது வேலை உடுப்பு. அன்னிக்குத்தான் என் பொண்டாட்டி பெட்டியத் தூக்கிட்டு வந்தேன்."

ஓட்டோ கையில் இருந்த தட்டை மேசையில் வைத்தார்.

"அப்புறம் ஏன் ஐயா இத்தனை நாளா சொல்லல?"

"அன்னிக்கு என்னை யாராவது, எப்படியாவது கூப்பிட்டா போதும்னு இருந்துச்சு. நீங்க கூப்பிட்டீங்க. தண்ணி குடுத்தீங்க, வாங்கிக்கிட்டேன். இதையும் அப்படித்தான் வாங்கிக்கிட்டேன். நீங்க வாயால சொல்றவரைக்கும் அது மரியாதை. அதையே பித்தளையில அடிச்சு, அதுக்குப் பின்னால நான் உக்காந்தா அது திருட்டு."

ஓட்டோ அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். இல்லையென்றால் மேசை போய்விடும், நான் மேடத்திடம் என்ன முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன் என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் தப்பு.  கிழவர் காபிக்கான பணத்தையும் வழக்கமாக வைக்கிற சில்லறையையும் தட்டில் வைத்தார்.

"காபி எப்பவும் நல்லா இருந்துச்சு, ஓட்டோ சார்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. உடம்பு சரியில்லை என்று ஓட்டோ ஸில்கேயிடம் புளுகினார். மூன்று மணியானால் காலி மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டு போய் வைப்பார். ஸில்கே எத்தனை நாள் பொறுப்பாள்? தகட்டைப் பதித்துவிட்டு வரிசையில் நின்றவர்களை உட்கார வைத்தாள். ஆலோசகர் உட்கார்ந்த இடம் என்று ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் காலையில் கடை திறக்கும் முன் ஓட்டோ சமையலறைக் கத்தியால் அந்தத் தகட்டை நெம்பி எடுத்துவிட்டார். அவருக்கு எச்சரிக்கை வந்தது, மேசைக்குப் புதுத் தகடு வந்தது.

அதோடு ஓட்டோ பட்டம் கொடுப்பதை விட்டுவிட்டார். வந்தவர் யாராக இருந்தாலும் வெறும் சார், வெறும் மேடம். நிஜமாகவே பேராசிரியராக இருந்த ஒருவர் மனம் புண்பட்டு, நான் உங்களுக்கு என்ன குறை வைத்தேன் என்று என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

கிழவரைத் தேடிப் போக வேண்டும் என்று ஓட்டோ துடித்தார். எங்கே போவது? பெயர் தெரியாது.

"இத்தனை வருஷமா ஒண்ணுக்குள்ள ஒண்ணா பழகிட்டு, பேர் கேக்கலையாய்யா?" என்றேன்.

"சர்வர் பேர் கேக்கிறது மரியாதை இல்ல. அவராச் சொன்னாத்தான் உண்டு. நீ கேட்டியா?"

நானும் கேட்கவில்லை. அவருக்கு ஸ்ட்ரூடலில் திராட்சை ஆகாது என்பது தெரியும். இடது காது சரியாகக் கேட்காது என்பது தெரியும். நாளிதழைப் பின்பக்கத்திலிருந்து படிப்பார் என்பது தெரியும். பெயர் மட்டும் தெரியாது.

விடுமுறை நாளில் ஓட்டோ எழுபத்தொன்றாம் நம்பர் டிராமில் ஏறினார். அது கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற டிராம். யாராவது செத்துப்போனால், எழுபத்தொன்று ஏறிவிட்டார் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. வேறு சமயமாக இருந்தால் அவரை அதைச் சொல்லியே கிண்டல் பண்ணியிருப்பேன். அன்று வாய் வரவில்லை.

சவப்பெட்டி தூக்குகிறவர்கள் உட்காரும் அறைக்குப் போய் விசாரித்திருக்கிறார். ஆள் பெயர் என்ன என்று கேட்டார்கள். தெரியாது, உயரமாக இருப்பார், பால் காபியை ஆறவிட்டுத்தான் குடிப்பார் என்று சொன்னாராம். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வெட்கிப்போய் வெளியே வந்தவரை ஒரு வயசானவர் பின்னாலேயே வந்து நிறுத்தினார். ஷோர்ஷ் என்று பெயர். நீங்கள் தேடுகிற ஆள் என்னோடு வேலை பார்த்தவன்தான், ஆனால் காபி ஹவுஸிலிருந்து யாராவது வந்தால் வீட்டைக் காட்டாதே என்று சொல்லியிருக்கிறான் என்றார். என் மேல் அவ்வளவு கோபமா என்று ஓட்டோ கேட்டார். கோபம் இல்லை, வெட்கம் என்றார் ஷோர்ஷ். தன்னால் அந்த சர்வர் பொய்யராகிவிட்டார் என்று சொல்லி வருந்துகிறானாம்.

ஓட்டோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சேதி சொல்லி அனுப்பினார். தப்பு முழுக்க என்னுடையது, அந்த மேசையே வேண்டாம், பின்வாசல் வழியாக வாருங்கள், சமையலறைப் பக்கம் நாங்கள் சாப்பிடுகிற இடத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கும். காபி ஹவுஸின் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தார்.

குளிர்காலம் முழுக்க அந்த நாற்காலி இருந்தது. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று ஓட்டோ உத்தரவு போட்டிருந்தார். பாத்திரம் கழுவுகிற பெண் ஒரு நாள் தெரியாமல் உட்கார்ந்துவிட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டால் கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார். காய்கறிக்காரர் வருவார், மாவுக்காரர் வருவார்.

பிப்ரவரியில் போன் வந்தது. எடுத்தது நான்தான். பேசியது ஷோர்ஷ். நாளைக்குக் காலையில் தோட்டத்து இரண்டாம் மண்டபத்தில் அவனுக்கு இறுதிச் சடங்கு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஓட்டோவிடம் போய் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவர் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் முதல் தடவையாக அவரே உட்கார்ந்தார். அழவில்லை. நான் அழுதேன்.

மறுநாள் இரண்டு பேரும் ஸில்கேயிடம் பல் வலி என்று சொல்லிவிட்டு டிராம் ஏறினோம். ஒரே நாளில் இரண்டு பேருக்குப் பல் வலியா என்று அவள் கேட்கவில்லை. தோட்டத்தில் பனி மண்டியிருந்தது. மண்டப வாசல் பலகையில் வெள்ளை எழுத்தில் லேயோபோல்ட் ப்ரோகோப் என்று இருந்தது. ஓட்டோ அதன் முன்னால் நின்று உதடு அசைய இரண்டு மூன்று தடவை படித்தார். அது எங்களுக்கு யாரோ முன்பின் தெரியாதவர் பெயர் மாதிரித்தான் இருந்தது.

உள்ளே நாற்காலிகள் எல்லாம் காலி. பெட்டியும் இரண்டு மெழுகுவத்தியும் ஒரு மலர்வளையமும். மலர்வளையம் தூக்குகிறவர்கள் சேர்ந்து வாங்கியது. ஷோர்ஷ் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். லேயோபோல்டை நாங்கள் போல்டி என்போம், அநாதை இல்லத்தில் வளர்ந்தவன், கூடப் பிறந்தவர்கள் கிடையாது, குழந்தையும் இல்லை என்றார்.

"யாரும் இல்லாம ஒரு பெட்டி வந்தா, எங்கள்ல ஒருத்தன் தூக்காம பின்னால நடப்போம். சொந்தக்காரன் மாதிரி, தொப்பியக் கழட்டிக்கிட்டு. தனியா அனுப்பக் கூடாதுல்ல? எப்பவும் போல்டிதான் நடப்பான். அவனுக்கு வாய்ச்ச முகம் அப்படி. எத்தனை பேருக்கு அண்ணனா நடந்திருக்கான், எத்தனை பேருக்கு மாமனா நடந்திருக்கான். இன்னிக்கு அவனுக்கு நான் நடக்கலாம்னு இருக்கேன்."

ஓட்டோ பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போட்டிருந்தது காபி ஹவுஸில் போடுகிற கறுப்பு உடுப்புதான். வேறு கறுப்பு உடுப்பு அவரிடம் இல்லை. முழங்கை தேய்ந்து பளபளத்தது.

சடங்கை நடத்தி வைக்கிற அதிகாரி வந்தார். பெட்டிக்கு அடுத்தபடி உறவுக்காரர்கள்தான் நடக்க வேண்டும், தெரிந்தவர்கள் பத்தடி தள்ளித்தான் வரலாம். அவர் எங்களைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், இறந்தவருக்கு உறவுமுறை யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். சர்வர் என்று ஓட்டோ சொல்லப்போகிறார், பின்னால் போய் நிற்க வேண்டியதுதான் என்று நான் நகர்ந்துகூட விட்டேன்.

"நான் இருக்கேன்" என்றார் ஓட்டோ. "தம்பி."

அதிகாரிக்கு போல்டியைத் தெரிந்திருக்க வேண்டும். புருவத்தைச் சுருக்கி ஷோர்ஷைப் பார்த்தார். ஷோர்ஷ் ஓட்டோவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கழற்றி வைத்திருந்த தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்குகிறவர்களோடு போய்த் தன் இடத்தில் நின்றார்.

"ஆமா, தம்பிதான். முன்னால விடுங்க" என்றார்.